உப்புப் பூத்த வானம்

நேற்றிலிருந்து மழை. நீ வரைந்த படம் மறுபடியும் வியர்க்க ஆரம்பித்துவிட்டது.

கட்டிலுக்கு மேலே, நீ ஆணி அடித்த அதே இடத்தில்தான் தொங்குகிறது. படத்து வானத்தில் இருந்த வெள்ளைப் பொடியெல்லாம் கரைந்து, அட்டை ஈரம் கோத்து நிற்கிறது. மகன் பார்த்துவிட்டு, "நைனா, இத்த கண்ணாடி போட்டுர்லாம், பூஞ்ச புட்ச்சி வீணாப் பூடும்" என்றான். வேண்டாம் என்றேன். அவனுக்கு விவரம் தெரியாது. இதை நீ வரைந்த சாயங்காலம் அவனை உன் தங்கை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போயிருந்தோம்.

நீ படம் வரையக் கற்றது எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லை. ஊராரின் சேலைக்கெல்லாம் ஜாக்கெட் தைக்க, துணியும் நூலும் ஒத்துப்பார்த்தே உனக்கு அந்தக் கண் வந்தது. வெட்டி மிஞ்சிய துண்டுகளை ஒரு பெரிய ஊக்கில் கோத்து வைத்திருப்பாய். ஞாயிற்றுக்கிழமை கடலோரப் பாறையில் உட்கார்ந்ததும் முதல் வேலை, அந்தக் கொத்தை எடுத்து ஒவ்வொரு துண்டாகக் கடலுக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பது. ஒத்துவந்த துண்டை மடியில் விரித்துக்கொண்டு, அந்தக் கலர் வருகிறவரை போஸ்டர் கலரைக் குழைப்பாய். எனக்கு அது கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவனுக்குக் கடல் என்றால் வேலை நடக்கிற இடம், அவ்வளவுதான். ஷிப்டு முடிந்து வந்து சட்டையைக் கழற்றும் முன்பே கேட்பாய்: "இன்னிக்கி கடலு இன்னா கலரு?" நீலம் என்பேன். "போய் மூஞ்சி கழுவிக்கினு வா" என்பாய்.

நம் பக்கத்துக் காற்றில் அப்போதெல்லாம் நிலக்கரித் தூசி. கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணி கறுத்துத்தான் வீட்டுக்குள் வரும். நீயும் திட்டிக்கொண்டேதான் துவைத்தாய். ஆனால் சாயங்காலமானால் வேறு பேச்சு. "தூசி கீற அன்னிக்கித்தான்யா வெளிச்சம் நின்னு போவுது" என்பாய். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் ஊருக்குள் இறங்கும்போது, அதன் கடைசி வெளிச்சம் துறைமுகத்தின் அலைதடுப்புக் கற்கள்மேல் போய் விழும். கறுப்புக் கல் கொஞ்ச நேரம் ரோஸாகும். அதற்காகத்தான் வாரம் முழுக்கத் தையல் மெஷினை மிதித்தாய்.

இந்தப் படம் வரைந்த அன்று, போக வேண்டாம் என்று நான் சொன்னேன். துறைமுகத்துக்கு ஏதோ மிரட்டல் என்று எங்கே பார்த்தாலும் கெடுபிடி. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்டித்தான் வேலைக்கே உள்ளே போனோம். நீ கேட்டால்தானே. கிளம்பிய அவசரத்தில் தண்ணீர் பாட்டில் வாசற்படியிலேயே நின்றுவிட்டது. என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, டப்பாவில் கடல் தண்ணீரையே மொண்டு வரச் சொன்னாய். அதில் குழைத்துத்தான் வானம் முழுக்கப் பூசினாய். காயக் காய, வானத்திலும் கல்வரிசைமேலும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. நீ கைகொட்டிச் சிரித்தாய்.

அப்போதுதான் பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"ஏம்மா, கப்பலுக்கு இன்னா கொடி காட்டிக்கினு கீற?" என்றார் ஒரு கான்ஸ்டபிள். ஒரு பொம்பளை சிவப்பு, மஞ்சள் என்று மாற்றி மாற்றித் துணி காட்டுகிறாள் என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். கூட வந்த அதிகாரி என்னிடமிருந்து துறைமுகப் பாஸை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். கேஸ் என்று எழுதினால் பாஸ் போய்விடும். பாஸ் போனால் வேலை போய்விடும்.

அவர் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இந்தப் புள்ளியெல்லாம் என்ன? எந்தெந்த இடத்தைக் குறிச்சு வச்சிருக்கே?"

"குறிக்கல சார். உப்பு சார் அது" என்றாய் நீ.

"கதை விடாதே. எந்த ஊர்ல பாறை ரோஸ் கலர்ல இருக்கு? நட ஸ்டேஷனுக்கு."

நீ கொஞ்சமும் பயப்படவில்லை என்று பிற்பாடு எல்லோரிடமும் பெருமையடித்தேன். பயந்தாய். துணிக்கொத்தின் ஊக்கைத் திறக்கவே உனக்கு இரண்டு தடவை ஆனது. ஆனாலும் ரோஸ் துண்டை உருவி அவர் முன்னால் நீட்டினாய். "இத்தப் புட்ச்சிக்கினு அந்தக் கல்லப் பாரு சார். சீக்கிரம் பாரு, வெளிச்சம் பூடும்."

அவர் உன்னையே முறைத்துக்கொண்டு நின்றார். நான் கல்லைப் பார்த்தேன். கல்யாணமானதிலிருந்து நீ பார் பார் என்றதை, வேலை போகப்போகிற பயத்தில் அன்றுதான் பார்த்தேன். ரோஸ்தான். உன் கையில் இருந்ததும் அங்கே கிடந்ததும் ஒரே துணியில் வெட்டியது மாதிரி இருந்தன. பின்னால் ஒரு மேகம் சூரியனை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. "சார், ஒரு தபா பாரு சார்" என்று நானும் கெஞ்சினேன். அவர் திரும்புவதற்குள் மேகம் மூடிவிட்டது. கல் மறுபடியும் கறுப்பு.

"எங்கே ரோஸ்?" என்றார்.

எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை. குனிந்து, அவர் கையில் இருந்த படத்தின் மூலையை நக்கிவிட்டேன். "உப்புதான் சார்! நீயே பாரு சார்!"

கான்ஸ்டபிளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரி சிரிக்கவில்லை. சுண்டுவிரலால் ஒரு புள்ளியைத் தொட்டு நாக்கில் வைத்தார். கடலைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். பிறகு படத்தை உன்னிடமும் பாஸை என்னிடமும் நீட்டினார். "வரையறதுன்னா வீட்ல உட்கார்ந்து வரை. இனி இங்கே பார்த்தேன், சும்மா விட மாட்டேன்."

வேகவேகமாக வீடு வந்து சேர்ந்தோம். கதவைச் சாத்தியதும் என்னை நாக்கை நீட்டச் சொன்னாய். "வானத்தையே துன்னுட்டியேய்யா" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். சிரித்துக்கொண்டே அழுதும்விட்டாய். நான் நக்கிய இடத்தில் அட்டை வெளுத்துப் போயிருந்தது. சரிபண்ணச் சொன்னேன். "வுடு, அதான் அந்த மேகம்" என்றாய்.

அதற்கப்புறம் வரைவதற்கு எண்ணூர்ப் பக்கம் போனோம். கழிமுகத்தில் வெளிச்சம் இன்னும் நன்றாக இருக்கிறது என்றாய். எந்த பூட்ஸ் சத்தம் கேட்டாலும் நான் திரும்பிப் பார்ப்பேன். நீ திரும்பவே மாட்டாய்.

ஆஸ்பத்திரியில் உனக்குக் கிடைத்த கட்டிலிலிருந்து வானம்கூடத் தெரியவில்லை. கடல் என்ன கலர் என்று நீ கடைசியாகக் கேட்டபோது, வார்டுக்கு வரும் வழியில் பார்த்துவிட்டே வந்திருந்தேன். "உன் தங்கச்சி கல்யாணத்துக்குத் தச்சியே ஒரு ஜாக்கெட்டு, அந்தக் கலரு" என்றேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்தாய். "அப்ப மழ வரும்" என்றாய். வந்தது. நனைந்துகொண்டேதான் உன்னை எடுத்துப் போனோம்.

நீ இல்லாத வீட்டில் எனக்கு ஆத்திரம்தான் அதிகம் வருகிறது. யாராவது கடல் நீலம் என்று சொன்னால் சண்டைக்குப் போய்விடுகிறேன். மகன் சிரிக்கிறான். கண்ணாடி போட்டால் படம் பத்திரமாக இருக்கும், நிஜம்தான். ஆனால் வெயில் வந்ததும் அந்த உப்பு திரும்பப் பூக்கும். ஒவ்வொரு வருஷமும் ஒரு புள்ளியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். அதை எவனுக்காகவும் விட முடியாது.

இன்று காலை மழை கொஞ்சம் விட்டபோது துணிக்கொத்தை எடுத்துக்கொண்டு பாறைக்குப் போனேன். நீ செய்கிற மாதிரியே ஒரு கண்ணை மூடி, ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். எதுவும் ஒத்துவரவில்லை. இன்றைக்குக் கடல் இருந்த கலர் உன் கொத்திலேயே இல்லை. மழை நின்றதும் ஜாக்கெட் துணி விற்கிற மேட்சிங் கடைக்குப் போய் அந்தக் கலரைத் தேட வேண்டும்.