அப்பாவின் நேர்த்தி

அரியாலை
18.08.1993

அன்புள்ள மகன் யாகோப்புக்கு,

மாதாவின் காவலில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் ரொறன்ரோவில் தேக சுகத்தோடு இருக்க அவளையே மன்றாடுகிறேன். சுகம் என்று எழுதுகிறேனே தவிர, உன் கடிதம் வந்த நாள் முதல் என் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு வாசல் படலைக்குப் போகிறேன், படலைக்குப் போனதும் ஏன் வந்தேன் என்று மறந்து போகிறது. அடுத்த வீட்டு யசிந்தா இன்றைக்கு மூன்று மணிக்குக் கொழும்புக்கு வெளிக்கிடுகிறாள். அவள் கிளாலியில் வள்ளம் ஏறி, உயிரோடு அக்கரை சேர்ந்து, கொழும்பில் இதைத் தபாலில் போட்டு, அது உன்னிடம் வர எத்தனை நாளோ. உன் பேஸ்போல் போட்டி செப்டெம்பர் கடைசியில் என்று எழுதியிருக்கிறாய். அதற்குள் இது உன் கையில் கிடைக்க வேண்டும். இரண்டு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். எழுத ஒற்றைத் தாள் கிடைக்காத காலத்தில் இப்படிக் கிழிக்கிறீர்களே என்று மக்டலீன் ரீச்சர் முறைக்கிறார், பள்ளிக்கூடக் கொப்பியில் இருந்து கிழித்துத் தந்தவர் அவர்தானே.

குருநகர் வீட்டுப் பக்கம் இன்னும் செல் குண்டு விழுகிறபடியால் ரீச்சர் வீட்டிலேயே இருக்கிறோம். கூரையில் பாதி போய்விட்டதாம், உன் கட்டில் மட்டும் அப்படியே கிடக்கிறதாம். கடலுக்குப் போகத் தடை, அப்பா கரையோரம் கூடு வைத்து நாலு நண்டு பிடித்து வருகிறார். அதை விடு. நீ அனுப்பிய அந்தப் பேஸ்போல் புத்தகத்துக் கடதாசிகளை ரீச்சர் இங்கிலிசில் வாசித்து எங்களுக்குத் தமிழில் சொன்னார். அந்தப் பெரிய பந்தெறிகாரனின் பெயர் என் வாயில் நுழையவில்லை. நூறு வருசத்துக்கு முந்தினவனாம், நிலக்கரிச் சுரங்கத்துக் குடும்பமாம், கரிக்கட்டி எறிந்தே கையைப் பழக்கினவனாம். பத்தொன்பது வயதில் பட்டினத்துக்கு வந்து முதல் ஆட்டத்திலேயே எதிர்ப்பக்கத்தை ஓர் ஓட்டமும் எடுக்க விடவில்லையாம். அவனைப் பார்க்கச் சனம் றெயில் பிடித்து வந்ததாம், ஒரே வருசத்தில் நாற்பது ஆட்டம் வென்றானாம், ஒரே நாளில் இரண்டு ஆட்டத்துக்கும் அவனே எறிந்தானாம். அப்பா காலை மடக்கிக்கொண்டு இருந்து, எத்தனை அடி தூரத்திலிருந்து எறியிறவன், பந்து குத்தி எழும்பாதோ என்று சின்னப்பிள்ளை போலக் கேட்டபடி இருந்தார். தோள் நொந்தபோது குதிரைக்குப் பூசுகிற எண்ணெயைப் பூசிக்கொண்டு, குளிர் பிடித்துவிட்டது என்று அவன் எல்லாருக்கும் பொய் சொன்னானாம். முப்பது வயதில் கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. பிறகு அதே மைதானத்து வாசலில் நின்று ரிக்கற் கிழித்தானாம், தன் தலையைத் தானே சீவ முடியாமல் எந்த நேரமும் தொப்பியோடு திரிந்தானாம். தலை சீவுகிற இடம் வந்ததும் அப்பா எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டார். ரீச்சர் என் முகத்தைப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை.

இப்போது திறக்கிறேன். உன் கடிதத்தில் கை கொஞ்சம் பிடிக்கிறது, என்னவோ பூசிக்கொண்டு எறிகிறேன், டொக்டர் விடச் சொன்னாலும் விட மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சமோ? எழுத்தெல்லாம் இடப்பக்கம் சரிந்து கிடக்கிறதே, இடக்கையால் எழுதினாயா? உன்னைப் பெற்றவளுக்கு உன் எழுத்துத் தெரியாதா? அதற்குக் கீழே, அப்பா எனக்காக நேர்த்தி வைத்துப் பந்தை விட்டார், அவர் விட்டதை நான் எறிந்து தீர்க்கிறேன் என்று வேறு எழுதியிருக்கிறாய். அதை வாசித்துத்தான் எனக்கு நித்திரை போனது. மகன், அப்பா எந்த நேர்த்தியும் வைக்கவில்லை. உனக்காகவும் இல்லை, ஒருவருக்காகவும் இல்லை. நீ என் வயிற்றில் எட்டு மாதம். வல்வெட்டித்துறைக்கு லொறியில் போய் விளையாடின கிரிக்கெற் போட்டியில், தோள் மூன்று மாதமாய் நொந்துகொண்டிருந்ததை மறைத்து, விடிய வலை இழுத்த கையோடு பகல் முழுக்க அவரே பந்து போட்டார். மற்றவனிடம் பந்தைக் கொடுக்க மனமில்லை. ஏழு விக்கெற். அடுத்த நாள் சேட்டுப் போட நான்தான் கையைப் பிடித்து நுழைத்தேன். திருநாள் போட்டிக்குக் கூப்பிடப் பெடியள் வந்தபோது, கை போய்விட்டது என்று சொல்ல வெட்கப்பட்டு, பிள்ளை சுகமாய்ப் பிறந்தால் இனிப் பந்தைத் தொடுறதில்லை எண்டு அந்தோனியாருக்கு நேர்ந்திட்டன் என்று சொல்லிவிட்டார். அவர்கள் போய்ச் சுவாமியிடம் சொல்ல, சுவாமி அந்த ஞாயிறே பிரசங்கத்தில், தகப்பன் என்றால் கிறிஸ்துநாயகம் போல இருக்க வேண்டும் என்று அப்பாவின் பெயரையே சொன்னார். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு எந்த வாயால் இல்லை என்பது? அன்றைக்கு வைத்தியம் பார்த்திருந்தால் கை கொஞ்சமாவது தேறியிருக்கும். வைத்தியரிடம் போனால் பொய் வெளிப்பட்டுவிடும் என்று போகவில்லை. நானும் வாயை மூடினேன், அது என் குற்றம். தினமும் நான் அவருக்குத் தலை சீவிவிட, நீ பார்த்துப் பார்த்துச் சிரிப்பாயே. செல்லம் என்று நினைத்தாயா?

எழுதப் போகிறேன் என்று சொன்னதற்கு அப்பா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. இன்றைக்குக் காலையில்தான் நண்டுக் கூட்டை இறக்கி வைத்துவிட்டு, எழுது, அவன்ரை கை போறதை விட என்ரை மானம் போகட்டும் என்றார். உனக்குக் கோபம் வரும், வரட்டும், எங்கள் இரண்டு பேரையும் திட்டு. ஆனால் பந்தை மற்றவனிடம் கொடு. நீ தீர்க்க வேண்டிய நேர்த்தி ஒன்றும் இல்லை. டொக்டர் சொன்னபடி கைக்கு ஓய்வு கொடு, கண்ட எண்ணெயும் பூசாதே. பதிலை வலக்கையால் எழுது, இரண்டு வரி என்றாலும் போதும், எழுத்தைப் பார்த்து நான் தெரிந்துகொள்வேன்.

யசிந்தா வந்து படலையில் நிற்கிறாள். மாதாவும் அந்தோனியாரும் உன்னைக் கைவிட மாட்டார்கள். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்கிறார். நீ வெளிக்கிட்ட அன்று பஸ்ஸடியில் உன் நெற்றியில் இடக்கையால் சிலுவை போட்டாரே, மற்றக் கையில் உன் பெட்டி இருந்தபடியால் என்று நினைத்திருப்பாய். இல்லை மகன், நீ வளர்ந்த உயரத்துக்கு அவருடைய வலக்கை எட்டாது.

உன் அம்மா
செபஸ்தியம்மா