முதலில் சின்னப் பெட்டியைப் பிரியுங்கள்

மார்ச் 4

ஜீப்பின் சொந்தக்காரிக்கு,

பதினோரு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன், போதும். ஃபோனில் கூப்பிடலாம்தான். ஆனால் இரண்டாவது நிமிடத்தில் நம் இருவருக்கும் குரல் ஏறிவிடும், மூன்றாவது நிமிடத்தில் நீ டொக்கென்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும்.

விஷயம் இதுதான். நம் ஜீப் கிடைத்துவிட்டது.

எல்லை அளக்க ஒரு கல்குவாரிக்குப் போயிருந்தேன். (ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியிருக்க வேண்டியவன் இப்போது சுரங்க அலுவலகத்துக்காக டேப் பிடிக்கிறான். ஏன் என்று உனக்குத் தெரியும்.) தகரக் கொட்டகைக்குப் பின்னால் நின்றது. டயர் இல்லை, மேல் துணி இல்லை, பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பானெட்டில் நான் அடித்த தகர ஒட்டைப் பார்த்தும் சந்தேகம் தீரவில்லை. குனிந்து பார்த்தேன். சின்ன லிவருக்குப் பக்கத்தில், தரைத் தகட்டில், உன் நகப்பூச்சில் ஒரு சிவப்புப் பொட்டு. "இந்தப் பக்கம் இழுத்தா நாலு சக்கரமும்" என்று நீ வைத்த அடையாளம்.

குவாரிக்காரர், "ஆத்துல ஒதுங்கிக் கெடந்தத இழுத்துட்டு வந்து குவாரிக்குள்ள ஓட்டினோம். தூக்கிட்டுப் போங்க சார், புண்ணியமாப் போகும். கோழிக்கு வேற இடம் பாத்துக்கறேன்" என்றார்.

அதைப் பழையபடி ஓட வைக்கப் போகிறேன். ஆனால் ஆர்.சி. புத்தகம் உன் பெயரில், உன்னிடம் இருக்கிறது. அதையும், பெயர் மாற்றும் படிவத்தில் உன் கையெழுத்தையும் அனுப்பினால் போதும். அன்று ஆற்றைக் கடக்கும்போது நீ அந்த லிவரை இழுத்திருந்தால் ஜீப் நடு ஆற்றில் நின்றிருக்காது, என் ஏழு வருட ஆராய்ச்சிக் குறிப்புகளும் டிரங்குப் பெட்டியோடு போயிருக்காது. கிளறவில்லை. சும்மா சொன்னேன்.

இப்படிக்கு,
சட்டப்படி இன்னும் உன் கணவன்


மார்ச் 11

கண்டுபிடித்தவருக்கு,

கிளறவில்லை என்று சொல்லிக்கொண்டே மண்வெட்டியோடு வந்திருக்கிறீர்கள். நலம்தானே? சர்க்கரை மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா?

ஓட்டத் தெரியாதவள் என்று நீங்கள் சொன்ன நான் இப்போது டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். மாடியில் வீடு, கீழே ஆபீஸ். இரண்டு கார்கள், இரண்டிலும் என் காலடியில் தனி பிரேக். நேற்று, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் ரிவர்ஸில் வந்து எங்கள் போர்டையே சாய்த்தார். இறங்கிப் பார்த்துவிட்டு, "போர்டு தப்பான எடத்துல இருக்கும்மா" என்றார். உங்கள் ஞாபகம் வந்தது.

ஆர்.சி. புத்தகம் இத்துடன். கையெழுத்து இப்போது இல்லை. லிவரை இழுத்தேன் என்று அன்றைக்கே சொன்னேன். எப்போதும் முரண்டு பிடிக்கிற லிவர் அன்று ஆடுகிற பல் மாதிரி லொடலொடவென்று வந்தது என்றும் சொன்னேன். நீங்கள் காதில் வாங்கவில்லை. முன் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற அந்தச் சின்னப் பெட்டியை முதலில் பிரியுங்கள். இன்ஜின் பிறகு. உள்ளே என்ன இருக்கிறதோ அதை அப்படியே எழுதுங்கள். நான் பொய் சொன்னதாக இருந்தாலும் சரி, மெய் சொன்னதாக இருந்தாலும் சரி, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

அன்புடன் என்று எழுதப் போய்விட்டேன். பழக்க தோஷம்.

டிரைவிங் ஸ்கூல்காரி


ஏப்ரல் 20

சொந்தக்காரிக்கு,

மாத்திரை போடுகிறேன்.

எனக்கு வாய்த்த மெக்கானிக்கை எல்லோரும் கிரீஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் கூடத் தன் பெயரை மறந்திருப்பார். முதல் நாள் வண்டியைச் சுற்றி வந்துவிட்டு, "சார், இத ரிப்பேர் பண்றதுன்னா வண்டிய வச்சிக்கிட்டு ரிப்பேர் பண்றதில்ல. ரிப்பேர வச்சிக்கிட்டு வண்டி பண்றது" என்றார். அப்படித்தான் நடக்கிறது.

தரைத் தகடு பாதிக்கு மேல் அப்பளமாக நொறுங்கிவிட்டது. வெட்டிப் புதுத் தகடு வைத்தோம். பொட்டு இருந்த துண்டை மட்டும் வெட்ட விடவில்லை. பெயிண்டைச் சுரண்டினால் மஞ்சள், அதற்கடியில் நீலம், அதற்கும் அடியில் நாம் வாங்கியபோது இருந்த அந்தப் பாசிப் பச்சை. கார்புரேட்டருக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. ஊசி முனையால் துளைத் துளையாகச் சுத்தம் செய்தேன்; மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். போன வாரம் இன்ஜின் பிடித்தது. புகை அடங்கியதும் அந்தப் பழைய கடகடப்பு. பக்கத்து லேத்துக்காரர் ஓடி வந்து, "என்ன, செத்தவன் எழுந்துட்டானா?" என்று கேட்டார். நான் சிரித்தேன் என்று கிரீஸ் சொல்கிறார்.

சின்ன லிவர் கொஞ்சம் தளர்ந்து ஆடுகிறது. பதினோரு வருடத் துரு, வேறொன்றும் இல்லை. அந்தப் பெட்டியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். எதை முதலில் பிரிப்பது என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
அதே ஆள்


மே 2

அதே ஆளுக்கு,

கார்புரேட்டருக்குப் பத்து வரி. பெட்டிக்கு ஒன்றரை வரி.

சரி, நானே சொல்லிவிடுகிறேன். நான் வீட்டை விட்டு வந்தது லிவருக்காக இல்லை. அன்று ஆழம் பார்க்க நீங்கள் முன்னால் நடந்து அக்கரை ஏறிவிட்டீர்கள். ஜீப் நின்று, தண்ணீர் கழுத்தளவு ஏறியபோது, கதவைப் பிடித்துக்கொண்டு உங்களைத்தான் பார்த்தேன். நீங்கள் முதலில் கத்தியது என்ன என்று நினைவிருக்கிறதா?

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், இத்துடன் இருக்கிறது. எதையும் பிரித்துப் பார்க்க வேண்டாம். இனி எழுதவும் வேண்டாம். வண்டி நன்றாக ஓடட்டும்.

(உங்கள் துருப்பிடிக்காத பேனா ஒன்று என்னிடமே இருந்தது. அதில்தான் எழுதினேன்.)


மே 19

உனக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் படி.

இன்று காலை சின்னப் பெட்டியைப் பிரித்தோம். கிரீஸ் அடியில் படுத்திருந்தார். மூடியைக் கழற்றியதும் எண்ணெய் கொட்டியது, பிறகு அவர் சிரிப்பு கேட்டது.

"சார், லிவருக்கும் உள்ள பல்சக்கரத்த நகத்துற கவைக்கும் நடுவுல ஒரு பின் இருக்கணும். இங்க எவனோ ஆணிய வெட்டிச் சொருகியிருக்கான். அது ரெண்டா முறிஞ்சு கெடக்கு. லிவரு வரும், போகும், முன் சக்கரத்துக்கு ஒண்ணும் போவாது. குவாரிக்காரன் இந்த லிவரத் தொட்டே இருக்க மாட்டான். எந்த மடையன் சார் பண்ண வேல இது?"

"நான்தான்" என்றேன்.

அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்தார். பிறகு, "அப்ப பரவால்ல சார், ஆணி நல்ல ஆணிதான்" என்றார்.

மலை மேல் முகாம் போட்டிருந்தபோது, ஆற்றுக்கு முந்தின வாரம், அந்தப் பழைய பின் உடைந்தது. கூடாரத்துக்கு அடிக்கிற ஆணியை வெட்டிச் சொருகினேன். ஊருக்குப் போய் நல்லதாக மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். "அடியில என்ன பண்றீங்க?" என்று நீ கேட்டாய். "உனக்குப் புரியாது" என்றேன். நீ இழுத்தபோது முறிந்திருக்கிறது. அதனால்தான் லொடலொடவென்று வந்திருக்கிறது.

அதை மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு தாள்களைக் கிழித்தேன். மறக்கவில்லை. பின் சக்கரங்கள் மட்டும் சுழன்று தண்ணீரைக் கலக்குவதைக் கரையிலிருந்து பார்த்த அந்த நொடியிலேயே ஆணி நினைவுக்கு வந்தது. அதை அமுக்கத்தான் உன்மேல் அவ்வளவு சத்தம் போட்டேன். பிறகு அமுக்கியே வைத்திருந்தேன். பெட்டியைக் கடைசியில் பார்க்கலாம் என்றது அதனால்தான்.

நான் முதலில் கத்தியதும் நினைவிருக்கிறது. "பெட்டி எங்க?" என்று கத்தினேன். டிரங்குப் பெட்டியைத்தான் கேட்டேன், உன் பெயரைக் கத்தவில்லை. அந்தக் குறிப்புகளில் இருந்தது மணல். எந்த ஆற்றில் எந்த மணல் என்று ஏழு வருடம் எழுதினேன். அதை வேறு யாராவது இதற்குள் எழுதியிருப்பார்கள். அப்படிக் கத்தியதற்கு என்னிடம் சமாதானம் இல்லை, தேடவும் இல்லை.

லேத்துக்காரர் புதுப் பின் கடைந்து கொடுத்தார். வண்டியைத் தூக்கி வைத்து இழுத்துப் பார்த்தோம். நான்கு சக்கரங்களும் சுற்றின. கிரீஸ்தான் தெருமுனை வரை ஓட்டினார். நான் ஓட்டவில்லை. முதலில் நீ ஓட்ட வேண்டும். ஆற்றிலோ மேட்டிலோ, எங்கே என்று நீ சொல். நான் பக்கத்து சீட்டில் உட்காருகிறேன். அங்கே எனக்குத் தனி பிரேக் கிடையாது.

ஆணியின் இரண்டு துண்டுகளையும் துணியில் சுற்றி இத்துடன் வைத்திருக்கிறேன். படிவத்தையும் திருப்பி அனுப்புகிறேன். வண்டி உன் பெயரிலேயே இருக்கட்டும்.

இதன் அடியில் என்னவென்று கையெழுத்துப் போடுவது? சட்டப்படி என்று ஒருமுறை போட்டதே கூச்சமாக இருக்கிறது. வேறு எதைப் போடவும் உன் அனுமதி வேண்டும். அந்த இடத்தில் என்ன எழுதலாம் என்று நீ சொல்லும்வரை அது காலியாக இருக்கட்டும். மறுபடி படித்தால் எங்கேயாவது எனக்குச் சாதகமாகத் திருத்திவிடுவேன். அதனால் உறையை ஒட்டிவிட்டு, கையெழுத்து இல்லாமலே இதைத் தபாலில் போடப் போகிறேன்.