பதினேழாம் எண்ணில் அமர்ந்திருந்தவர்

அனுப்புநர்
பதிவு எண் 17,
இரண்டாம் ஆண்டு மாணவி,
ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
ஆசிரியர் கல்வி இயக்ககம்.

பொருள்: என்னைப் போலி மாணவி எனக் கூறிச் சேர்க்கையை ரத்து செய்தது – மறுவிசாரணை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

நான் சேர்ந்தபோது வகுப்பில் பதினோரு பேர் இருந்தோம். படித்தாலும் வேலையில்லை என்று ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். ஆறு மாதமாக நான் ஒருத்திதான். விரிவுரையாளர் எனக்காக மட்டும் பாடம் நடத்துகிறார். நானும் கையை உயர்த்திவிட்டே சந்தேகம் கேட்கிறேன். பதிவேட்டில் நாற்பது பேர் இருப்பது இம்மாதம் 6ஆம் தேதி வரை எனக்குத் தெரியாது.

அன்று கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிக்குப் போன நான், மறந்து வைத்த குறிப்பேட்டை எடுக்கக் கல்லூரிக்குத் திரும்பினேன். வகுப்பு நிறையப் பெண்கள், எல்லோரும் எங்கள் சீருடைச் சேலையில். மூன்றாம் வரிசையில், தையல் ஆலைக்குப் போயிருப்பதாக நான் நினைத்திருந்த என் அண்ணி. 

கல்லூரி எழுத்தர் என்னைப் பக்கத்துச் சாமான் அறைக்குள் விட்டார். "நாப்பது பேருக்கு நாப்பது நம்பர் குடுத்தாச்சும்மா. நீ வந்தா நாப்பத்தொண்ணாயிடும். ஆய்வு முடியற வரைக்கும் இங்கயே இரு" என்று சொல்லி வெளியே தாழிட்டார். சுவருக்கு அப்பால் பதினேழு என்று அழைத்ததும், "உள்ளேன் ஐயா" என்றது அண்ணியின் குரல்.

ஆய்வு அலுவலர் கேள்வி கேட்டது ஒருவரிடம் மட்டுமே. பாடக்குறிப்பு எப்படி எழுதுவது என்று அண்ணியைக் கேட்டார். அவர் பயந்துபோய், "அதெல்லாம் எங்க நாத்தனாருக்குத்தான் சார் தெரியும்" என்று உண்மையைச் சொல்லிவிட்டார்.

பதினேழாம் எண் போலி என்று அறிக்கை எழுதப்பட்டது. மற்ற முப்பத்தொன்பது பேரும் மாணவிகளாகவே நீடிக்கிறார்கள். கல்லூரிக்கு அங்கீகாரமும் நீட்டிக்கப்பட்டது. படித்துக்கொண்டிருந்த ஒருத்தியின் பெயர் மட்டும் நீக்கப்பட்டது. ஆணையை மூன்று முறை படித்தும் என்னால் நம்ப முடியவில்லை.

ஆள் குறைந்தால் கல்லூரியை மூடிவிடுவார்கள், நாத்தனார் படிப்பு பாதியில் நின்றுவிடும் என்று எழுத்தர் சொன்னதை நம்பித்தான் அண்ணி போயிருக்கிறார். நினைவில் நிற்கும் என்று என் எண்ணையே கொடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நேற்று, "என் வேலை போனாலும் போகட்டும், நானே வந்து சொல்றேன்" என்றார். அவர் கைப்பட எழுதிய வாக்குமூலத்தை இணைத்துள்ளேன்.

வரும் 24ஆம் தேதி இறுதித் தேர்வு. எந்த வகுப்பையும் கொடுங்கள், எந்தப் பாடத்தையும் கொடுங்கள். நான் நடத்துகிறேன், தாங்கள் பின்வரிசையில் அமர்ந்து பாருங்கள். எனக்குத் தேர்வு நுழைவுச்சீட்டு வழங்கவும், அண்ணி மீது நடவடிக்கை எடுக்காதிருக்கவும் பணிந்து கேட்கிறேன். இரண்டில் ஒன்றுதான் முடியுமென்றால் அண்ணியை விட்டுவிடுங்கள். தேர்வை நான் அடுத்த ஆண்டு எழுதிக்கொள்கிறேன்.

நாள்: 15ஆம் தேதி
இடம்: கல்லூரி நூலகம்

இப்படிக்கு,
(கையொப்பம்)
நீக்கப்பட்ட மாணவி