வேகமாக நடக்கும் வள்ளிக்கிழங்கு ராணியைப் பதவியில் நீடிக்க அனுமதிக்கக் கோரி

அனுப்புநர்
அபெனா ஃப்ரிம்போமா,
தலைவியும் ராணியும்,
வள்ளிக்கிழங்கு விற்கும் பெண்கள் சங்கம்,
பெரிய சந்தை, அசுவோசோ, கானா.

பெறுநர்
சந்தைப் பிரிவு அதிகாரி அவர்கள்,
நகர சபை அலுவலகம், அசுவோசோ.

பொருள்: ராணி பதவியிலிருந்து என்னை நீக்கக் கோரும் புகாரைத் தள்ளுபடி செய்ய வேண்டுதல் – தைராய்டு நோயிலிருந்து குணமடைந்தது குற்றமாகாது எனத் தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் சங்கச் செயலாளர் திருமதி எஸ்தர் டோன்கோ தங்களிடம் கொடுத்த புகாரில், "இப்போதுள்ள அபெனா நாங்கள் தேர்ந்தெடுத்த அபெனா அல்ல" என்று கூறியிருப்பதாக அறிந்தேன். அது முழு உண்மை. அதை மறுக்க நான் இந்த மனுவை எழுதவில்லை. அந்த உண்மையால் எனக்குள்ள பெருமகிழ்ச்சியைப் பதிவு செய்யவும், அதற்காக என் பதவி பறிபோகாமல் காக்கவுமே எழுதுகிறேன்.

2. பழைய ராணி காலமானபின் சங்கம் புதிய ராணியைத் தேடியபோது நான் மிகவும் மெதுவாக நடந்துகொண்டிருந்தேன். கிழங்கு லாரி வந்து நின்றால் எல்லோரும் ஓடுவார்கள். நான் எழுந்து நிற்பதற்குள் லாரி காலியாகிவிடும். என் குரல் கனத்துக் கரகரத்திருந்தது. உச்சி வெயிலிலும் இரண்டு துணி போர்த்தியிருந்தேன். உடம்பு பெருத்து, முகம் உப்பி, கழுத்து பருத்திருந்தது. பருத்து மடிப்பு விழுந்த கழுத்துக்கு நம் ஊரில் உள்ள மதிப்பு தாங்கள் அறியாததல்ல. "பாருங்கடி அந்தக் கழுத்த! அந்த நடையப் பாருங்க! இவ ராணியாவே பொறந்தவடி" என்று சந்தை நடுவே சத்தம் போட்டுச் சொன்னவர் இதே திருமதி டோன்கோதான். பதவியேற்பு வழக்கப்படி என்னை மூன்று முறை ராணிக்குரிய முக்காலியில் உட்காரவைத்து எழுப்பினார்கள். மூன்றாம் முறை உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டேன். முரசுச் சத்தத்துக்கும் அசையாத ராணி என்று அதையும் புகழ்ந்தார்கள்.

3. என் கணவர் யாவ் பாஃபோ லாரி ஓட்டுபவர். "பொண்டாட்டிய நல்லா வச்சிருக்கப்பா" என்று வழியெல்லாம் கைகுலுக்கினார்கள். மனிதர் மார்பை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

4. உள்ளே நான் பட்ட பாடு வேறு. தலைமுடி சீப்போடு வந்தது. எவ்வளவு தூங்கினாலும் அசதி தீரவில்லை. ஃபுஃபு உருண்டைக்கு வெந்த கிழங்கை இடிக்க உலக்கையைத் தூக்கினால் கை ஓய்ந்துபோகும். வாடிக்கையாக வருபவர்களின் பெயரெல்லாம் மறந்துபோயிற்று. காரணமே இல்லாமல் கிழங்குக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். நாற்பது வயதுகூட ஆகாமல் கிழவியாகிவிட்டேனே என்று நொந்துகொண்டேன். ஆனால் ஊரே கொண்டாடும் ஒன்றை நோய் என்று யாரிடம் போய்ச் சொல்வது? எனக்கே கூச்சமாக இருந்தது.

5. கடந்த ஆண்டு புதுக்கிழங்குத் திருவிழாவில், சுகாதார நிலையத்துக்கு மாற்றலாகி வந்திருந்த டாக்டர் எஸி டோவ்லோ, முறைப்படி வலப்பக்கமிருந்து தொடங்கி, உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருடனும் கைகுலுக்கி வந்தார். என் கையைப் பிடித்தவர் விடவில்லை. "அம்மா, இந்த வெயில்ல உங்க கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு?" என்று கேட்டார். வரிசை நின்றுவிட்டது. "ராணி கை அப்படித்தான் இருக்கும். நீங்க நகருங்க டாக்டர்" என்று பின்னாலிருந்து திருமதி டோன்கோ அதட்டினார். டாக்டர் நகராமல் என் நாடியைப் பார்த்தார். அதுவும் என் நடை மாதிரியே மெதுவாக இருந்தது. கழுத்தைத் தொட்டு, எச்சில் விழுங்கச் சொன்னார். விழுங்கும்போது வீக்கமும் மேலே ஏறி இறங்கியது.

6. மறுநாள் நிலையத்தில், முன்கழுத்தில் இருக்கும் தைராய்டுச் சுரப்பி போதிய அளவு வேலை செய்யாவிட்டால் உடம்பு முழுவதும் மந்தமாகிவிடும் என்று விளக்கினார். "கையத் தொட்டு முடிவு பண்ண முடியாதும்மா. ரத்தத்தப் பார்த்துத்தான் சொல்லணும்" என்று ரத்தம் எடுத்துப் பெரிய ஊருக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் நான் அழுதேன். இந்த முறை காரணம் இருந்தது. எனக்கு வந்தது கிழத்தனமும் அல்ல, சோம்பலும் அல்ல. பெயருள்ள ஒரு நோய். அதற்கு ஒரு சின்ன மாத்திரை. தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில், கஞ்சிக்கு முன்னால்.

7. மாத்திரை தொடங்கிச் சில வாரங்கள் கழித்து ஒரு நண்பகலில் என் நெற்றியில் ஏதோ ஊர்ந்தது. தொட்டுப் பார்த்தேன். வியர்வை! எனக்கு வியர்த்து எத்தனை காலம் ஆயிற்று! போர்த்தியிருந்த துணிகளில் ஒன்றைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு, தக்காளி வரிசைவரை ஆடிக்கொண்டே போய் எல்லோருக்கும் நெற்றியைக் காட்டினேன். புகாரில் "பொது இடத்தில் ராணிக்குப் பொருந்தாத ஆட்டம்" என்று குறிப்பிடப்படுவது இதுதான். ஒப்புக்கொள்கிறேன். மறுபடியும் ஆடுவேன்.

8. மற்றக் குற்றச்சாட்டுகளும் உண்மையே. வேகமாக நடக்கிறேன். உரக்கச் சிரிக்கிறேன். குரல் தெளிந்துவிட்டது. உடம்பும் கழுத்தும் மெலிந்துவிட்டன. என் கணவரிடம் இப்போது, "என்னப்பா, வீட்டுல அடுப்பு எரியலையா?" என்று கேட்கிறார்கள். அவரோ, "எரியுது, எரியுது. அவ பின்னாடி ஓடி ஓடி நான்தான் இளைச்சுட்டேன்" என்று சொல்லிச் சிரிக்கிறார். ஆனால் புகாரில் எழுதப்படாத குற்றம் ஒன்று உண்டு. எனக்கு நினைவு திரும்பிவிட்டது. லாரி வரிசையில் முந்துபவர் யார், அழுகல் கிழங்கை அடியில் வைத்து விற்பவர் யார் என்பதெல்லாம் இப்போது நன்றாக நினைவிருக்கிறது. முன்பெல்லாம் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டுத் தூங்கிவிடுவேன். செயலாளருக்கு அந்த ராணிதான் வசதி.

9. என் இடத்தில் அமர்த்த, எங்களோடு கிழங்கு விற்கும் திருமதி யா செரெமாவைச் செயலாளர் தரப்பினர் தேர்ந்தெடுத்தார்கள். அமைதியானவர், அளந்து நடப்பவர், கனத்த குரல். எனக்கு அவர் மீது பொறாமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஏப்ரல் மாதம் ஒரு துக்க வீட்டில், வரிசையாகக் கைகுலுக்கி வந்தபோது அவர் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. ஐயா, பேசாமல் கையை விட்டிருக்கலாம். விட மனம் வரவில்லை. "அக்கா, முடி கொட்டுதா? எவ்வளவு தூங்கினாலும் பத்தலையா?" என்று காதோடு கேட்டேன். "உனக்கு எப்படிடி தெரியும்?" என்று கேட்டவர், செத்தவருக்காக அழுதுகொண்டிருந்த கூட்டத்தில் தனக்காக அழுதார். அன்று பிடித்த கையை டாக்டர் டோவ்லோவின் அறையில்தான் விட்டேன். ரத்தப் பரிசோதனையில் அவருக்கும் அதே நோய் என்று தெரிந்தது. இன்று அவரும் மாத்திரை சாப்பிடுகிறார். சென்ற வாரம் லாரிக்கு என்னை முந்திக்கொண்டு ஓடினார். "எதிர் வேட்பாளரின் கம்பீரத்தைக் கெடுத்தது" என்று என் மீது இப்போது கூடுதல் புகார் வந்திருப்பது இதனால்தான்.

10. ஆகவே நான் பணிவுடன் வேண்டுவது: முதலாவதாக, என்னைப் பதவியில் நீடிக்க அனுமதிக்க வேண்டும். ராணிக்கு மெதுவான நடை கட்டாயம் என்று விதி இருந்தால், மாத்திரையை நிறுத்த மாட்டேன் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். இரண்டாவதாக, சந்தை நாளில் டாக்டர் டோவ்லோ ரத்தம் எடுப்பதற்கு ஒரு பந்தல் அமைத்துத் தர வேண்டும். எங்கள் சந்தையில் புகழப்படும் கழுத்துகள் இன்னும் பல உள்ளன.

மூன்றாவதாக, திருமதி டோன்கோ சில நாட்களாக யாருக்கும் கை கொடுப்பதில்லை. துணிக்குள் கையை மறைத்துக்கொள்கிறார். விசாரணை நாளில் அவர் என்னுடன் கைகுலுக்க வேண்டுமெனத் தாங்கள் உத்தரவிட வேண்டும். கை சூடாக இருந்தால் மகிழ்ச்சி. இல்லாவிட்டால் அவரையும் நானே அழைத்துப்போகிறேன். சண்டையைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

தங்கள் நல்ல தீர்ப்பை எதிர்பார்த்து, வியர்க்க விறுவிறுக்க நடந்து வந்து நேரில் சமர்ப்பிக்கும்,

அபெனா ஃப்ரிம்போமா

இடம்: அசுவோசோ
நாள்: 14.06.2023

சாட்சி: யா செரெமா, மேற்படி பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். எனக்கு அந்த முக்காலி வேண்டாம். உட்கார எனக்கு நேரமில்லை.