தார்ப்பாயை இறக்கினேன்

நவம்பர் 12, இரவு

கப்பலூர் கம்பெனி வாசலில் எங்கள் வேலைநிறுத்தக் கூடாரத்துக்கு இன்று நாற்பதாவது நாள். காலையில் மழை. சின்ன கேஸ் அடுப்பை உள்ளே வைத்து நாங்கள் நான்கு பேர் உப்புமா கிண்டினோம். உள்ளே அடுப்பு எரிந்தால் கூடார வாசல் தார்ப்பாயைத் தூக்கிக் கட்ட வேண்டும் என்பது முதல் நாளிலிருந்து எங்களோடு உட்கார்ந்திருக்கும் பாண்டி அண்ணனின் கட்டளை.

"மூச்சு முட்டிச் செத்தா மொதலாளிக்குத்தான்டா கொண்டாட்டம்" என்பார்.

இன்று அவரைக் காணோம். நானே தூக்கிக் கட்டினேன். எதிரே, வேலைக்குத் திரும்புகிறவர்களின் வரிசையில் அவர் நின்றுகொண்டிருந்தார். கையில் டிபன் பாக்ஸ்.

"அண்ணே!"

"இன்னும் எம்புட்டு நாளைக்கு மாப்ள?" என்றார், என்னைப் பார்க்காமல். கேட்டுக்குள் போய்விட்டார்.

தார்ப்பாயை இறக்கிவிட்டேன். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. தார்ப்பாயைத் தூக்கிக் கட்டு என்று யாரும் சொல்லவில்லை.