வாடகை அறையின் அவசரம்

ஞாயிறு இரவு.

பொங்கோலில் சொந்த வீட்டுக்கு வந்துவிட்டோம். முன்பு ஜாலான் புசாரில் வாடகை அறை. வீட்டுக்காரர் குடும்பம் சர்ச்சில் ஞாயிறு பூசைக்குப் போய்த் திரும்புவதற்குள் எங்களுக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். அதுவே பழகிவிட்டது.

இன்று மதியம் படுக்கையில் மனைவி ஸ்டெல்லா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இது நம்ம வீடு லா. எதுக்கு அவசரம்? கொஞ்ச நேரம் கட்டிப் பிடிச்சிக்கிட்டு இருங்களேன்."

கட்டிக்கொண்டேன். அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. தலைமுடியைக் கோதினேன். "உனக்கு எது பிடிக்கும்?"

"இத்தனை வருஷத்துல இப்பத்தான் கேக்குறீங்க."

கோபமா, சந்தோஷமா? குரலில் பிடிபடவில்லை. ஆனால் இன்னும் நெருங்கி வந்தாள். கழுத்தில் முத்தமிட்டேன். கண்ணை மூடிக்கொண்டாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

வெளியே லிப்ட் கதவு திறக்கும் சத்தம். பார்த்தால், நான் எழுந்து உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஸ்டெல்லா கண்ணைத் திறந்து என் கையையே பார்த்தாள்.

கதவு உள்ளே பூட்டித்தான் இருந்தது. சாவி எங்கள் இருவரிடம் மட்டும்தான். பிறகு நான் யாருக்குப் பயந்தேன்?