ஞாயிற்றுக்கிழமைக்குள் டிஸ்ப்ளே வரணும்

ஜனவரி 5, திங்கள்

வாடைக் காற்று. காலையில் பனி. இந்த மாதம் முழுக்க எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் திருவொற்றியூர்ப் பக்கம்தான். ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரல் வெளுக்கிறது.

கம்ப்யூட்டரில் டிஸ்ப்ளே இல்லை. சுவிட்சைப் போட்டால் ஃபேன் ஓடுகிறது, உள்ளே விளக்கெல்லாம் எரிகிறது. மானிட்டர் மட்டும் ‘நோ சிக்னல்’ என்று காட்டிவிட்டு இருண்டுபோகிறது. மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் அதே.

நேற்று என் பெண் ஹரிணியோடு கம்ப்யூட்டரில் லாரி ஓட்டி ஆடும்போது நன்றாகத்தான் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் ஒரு சர்வீஸ் பண்ணிவிடலாம் என்று திறந்தேன். செய்தது:

– பக்கத்து மூடியைக் கழற்றி பிரஷ்ஷால் சாம்பல் எடுத்தேன்
– கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் துடைத்தேன் (படம் காட்டுவதே அதுதான்)
– கார்டின் முனையில் மெல்லிசாக கிரீஸ்
– திரும்ப மாட்டி, மூடினேன்

இதில் எங்கே தப்பு? துடைத்ததில் இருக்கலாம், மாட்டியதில் இருக்கலாம். கிரீஸில் இல்லை. காசிமேட்டில் பதினெட்டு வருஷமாக போட் இன்ஜின் பார்க்கிறேன். கடல் காற்றில் கிரீஸ் தடவாத முனை ஆறு மாதம் தாங்காது. என் வேலையில் யாரும் இதுவரை ஒரு குறை சொன்னதில்லை.

மத்தியானம் ஹரிணியிடமிருந்து மெசேஜ். “நைனா, ஞாயித்துக்கெயம உன்னாண்ட ஒண்ணு சொல்லணும். வண்டி ஓட்டும்போது சொல்றேன்.” என்னம்மா என்று கேட்டதற்கு, “ஞாயிறு” என்று மட்டும்.

பொங்கல் லீவுக்கு வரப்போகிறாள். வேறென்ன இருக்கும்.

ஜனவரி 6, செவ்வாய்

காலையில் துறைமுகம். நாலு போட். ஒரு இன்ஜினில் தண்ணீர் ஏறியிருந்தது. இரண்டு மணிக்குத்தான் வீடு.

வரும் வழியில் புது கேபிள் வாங்கினேன். போட்டுப் பார்த்தேன். நோ சிக்னல். மானிட்டரே போச்சோ என்று கேபிள் டிவி பெட்டியைச் சொருகினேன். உடனே படம், செய்தி வாசிக்கிற அம்மா பளிச்சென்று வந்தாள். ஆக மானிட்டர் நல்லா இருக்கு, கேபிள் நல்லா இருக்கு. கோளாறு கம்ப்யூட்டர் பெட்டிக்குள்.

இந்தப் பெட்டியை நானும் ஹரிணியும் இதே தரையில் உட்கார்ந்து சேர்த்தோம். அவள் அப்போது ஒன்பதாவது. சாமான்களை ஒன்றொன்றாக வாங்கிவந்து, போனில் வீடியோ பார்த்து, அவள் சொல்லச் சொல்ல நான் ஸ்க்ரூ முடுக்கினேன். “நைனா, போட் இன்ஜின் இல்ல இது, மெல்ல” என்று பத்து தரம் சொல்லியிருப்பாள். அடுத்த வருஷம் என் மனைவி சுமதி அவளை அழைத்துக்கொண்டு கோயம்புத்தூர் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். கோர்ட்டில் விவாகரத்துக் கையெழுத்தும் ஆயிற்று. சண்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. விடிகாலை நாலு மணிக்குப் போவேன், டீசல் நாற்றத்தோடு வருவேன், சாப்பிடுவேன், தூங்குவேன். பேச மாட்டேன். பதினைந்து வருஷம் பொறுத்துப் பார்த்தாள்.

போனில் எனக்குப் பேச வராது. ஹரிணிக்கும் அப்படித்தான், என் பெண்தானே. அதனால்தான் லாரி ஆட்டம். ஞாயிறு அஞ்சு மணிக்கு அவள் அங்கே லேப்டாப்பில், நான் இங்கே, ஆட்டத்துக்கென்று வாங்கிய ஸ்டியரிங்கும் பெடலுமாக. ஏதோ ஒரு குளிர் தேசத்தில் ரெண்டு லாரி, முன்னே அவள், பின்னே நான். காதில் மைக் வைத்த ஹெட்போன். ரோட்டைப் பார்த்துக்கொண்டு போகும்போது பேச்சு தானாக வருகிறது. டீச்சர் திட்டியது, தோழி பேசாமல் போனது, மாமி சாம்பாரில் வெல்லம் போடுவது. வாரத்தில் நான் வாயைத் திறப்பதே அந்த ஒன்றரை மணி நேரம்தான்.

சாயங்காலம் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அதனிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். கீழ் வீட்டுக் கன்னியம்மா படியிலிருந்து: “இன்னா மெக்கானிக்கு, யாராண்ட பேசிகினுகீற? வூட்ல ஒருத்தரும் இல்லியே.”

“மிஷினாண்டக்கா.”

“அது பதில் சொன்னா எனக்கும் சொல்லு.”

ஜனவரி 7, புதன்

மெமரியைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினேன். எல்லா வீடியோவிலும் அதைத்தான் சொல்கிறார்கள். பிரயோஜனம் இல்லை.

போர்டின் ஓரத்தில் நாலு சின்ன விளக்கு இருப்பதை இன்றைக்குத்தான் கவனித்தேன். எங்கே கோளாறோ அந்த விளக்கு அணையாமல் நிற்குமாம். மூன்றாவது நிற்கிறது. பக்கத்தில் பொடி எழுத்தில் வி.ஜி.ஏ. படம் காட்டுகிற கார்டுதான் என்றாகிவிட்டது.

கார்டைக் கையால் கொஞ்சம் அழுத்திப் பிடித்தேன். படம் வந்தது! பச்சைக் கோடு கோடாக, கிழிந்த மாதிரி, ஆனால் வந்தது. திரைப் பின்னணியில் லாரிகள் நிற்கிற அந்தப் படம், ஹரிணி வைத்தது. அரை நிமிஷம் இருந்திருக்கும். கையை எடுத்தேன், போயிற்று. மறுபடி அழுத்தினேன், வரவில்லை.

எரிச்சலில் சாப்பிடவில்லை. பிறகு பசித்து, தெருமுனைக் கடையில் நாலு இட்லி. கடைக்காரர் வழக்கம்போல “ஒருத்தருக்குத்தானே?” என்றார். அவர் சும்மா கேட்கிறார். ஆமாம் என்று சொல்லத்தான் தினமும் கஷ்டமாக இருக்கிறது.

ஜனவரி 8, வியாழன்

கட்டிலில் கிடந்த இன்ஜின் சாமான்களையெல்லாம் மூட்டை கட்டி வராந்தாவில் போட்டேன். தலையணை உறை துவைத்தேன். வாங்க வேண்டியது: கொசுவர்த்தி, ஹரிணி போடுகிற ஷாம்பு (பேர் தெரியாது, பச்சைப் பாக்கெட்), கரும்பு.

ஹரிணி போன் செய்தாள். எழுதி வைக்கிறேன், பிறகு பார்த்துச் சிரிக்க.

“நைனா, துன்னியா?”

“துன்னேன். நீ?”

“ம்.”

“ஸ்கூல்?”

“போய்கினுகீது.”

அந்தப் பக்கம் பிரஷர் குக்கர் விசில். சுமதி யாரிடமோ சிரித்துப் பேசுகிற சத்தம்.

“மிஷின் நல்லாகீதா நைனா?”

“சூப்பரா கீது.”

“அப்ப ஞாயிறு?”

“அஞ்சு மணி.”

ரெண்டு நிமிஷம் சொச்சம். டிஸ்ப்ளே இல்லை என்று சொல்லியிருந்தால் சரி நைனா போன்லயே சொல்லிடுறேன் என்பாள். போனில் சொன்னால் நான் “சரிம்மா” என்பேன். அவ்வளவுதான் வரும் என் வாயில். அவள் வருகிறேன் என்று சொல்லும்போது ஒரு மனுஷனாகச் சந்தோஷப்பட எனக்கு அந்த ரோடு வேண்டும்.

ஜனவரி 9, வெள்ளி

வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன். பெட்டியைப் போர்வையில் சுற்றி ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு தண்டையார்பேட்டை. பக்கத்தில் உட்கார்ந்த ஆள் ஸ்பீக்கரா என்றார். ஆமாம் என்றேன்.

நசீர் பாய் கடை சின்னதுதான், ஆனால் கை நல்ல கை என்று துறைமுகத்தில் சொன்னார்கள். போனபோது ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். வாசலில் பெட்டியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் என்னையும் பெட்டியையும் பார்த்துக்கொண்டு போனார்கள்.

பாய் வந்தார். கதையைக் கேட்டார். கார்டை உருவினார். விளக்கடியில் பிடித்தார். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னா வேலை நைனா நீ?”

“போட் மெக்கானிக்.”

“அதான பாத்தேன். இதுக்கு எதுக்குப்பா கிரீஸு?”

“உப்புக் காத்து பாய். துரு புடிக்கக் கூடாதுன்னு...”

“இது தங்க முலாம் நைனா. துருவே புடிக்காது. நீ இன்னாடான்னா எண்ணெ வெச்சி தலை வாரி வுட்டுகீற!” கடையில் இருந்த ரெண்டு பேரும் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி, கார்டு சொருகுகிற இடுக்கில் விட்டு எடுத்துக் காட்டினார். கறுப்பு மை மாதிரி. கிரீஸ், அதில் ஒட்டிய சாம்பல், எல்லாம் இடுக்குக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்திருந்தது. “கலீஜ் பண்ணி வெச்சிகீற. ஸ்பிரிட்டு போட்டுக் கழுவி ஒரு நாள் காய வெக்கணும். நாளைக்கி வா. வந்தா வரும், இல்லாங்காட்டி போர்டு போச்சு.”

வெட்கமாக இருந்தது. எது சரியென்று அஞ்சு நாளாக அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேனோ அதுதான் தப்பு. நல்லா இருந்த ஒன்றைக் காப்பாற்றுகிறேன் என்று கை வைத்துக் கெடுத்தது நான். சுமதி இங்கே இருந்து இதைக் கேட்டிருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள். நானும் சிரித்திருப்பேன். சொல்ல ஆள் இல்லாததால் இதில் எழுதுகிறேன்.

பெட்டி இல்லாத மேஜை மொட்டையாக இருக்கிறது.

ஜனவரி 10, சனி

சாயங்காலம் நாலு மணிக்கு பாய் கடை. சுவிட்சைப் போட்டார். மூன்றாவது விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. அணைத்தார். கார்டை உருவி ரப்பரால் இன்னொரு தடவை தேய்த்து, டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்திச் சொருகினார். போட்டார். விளக்கு அணைந்தது.

லாரிகள் வந்துவிட்டன. கோடு இல்லை, கிழிசல் இல்லை.

“பாய், ரொம்ப...” என்று ஆரம்பித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கம்ப்யூட்டருக்காக ஒரு ஆம்பிளை அழுகிறானே என்று நினைத்திருப்பார். “போ நைனா, போ. கிரீஸ் டப்பாவ வூட்டாண்ட வெக்காதே” என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் போட்டுப் பார்த்தேன். வருகிறது. ரீஸ்டார்ட் பண்ணினேன். வருகிறது. மறுபடியும். கன்னியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இதுல இன்னா தெரியுது, ரெண்டு லாரிதான கீது” என்றார். அதேதான் அக்கா, ரெண்டு லாரி.

ஹரிணிக்கு மெசேஜ்: நாளை 5 மணி. ரெடி. கட்டை விரல் போட்டாள்.

ஷாம்பு வாங்கிவிட்டேன். கரும்பு நாளை மறுநாள் வாங்கினால் போதும், இப்போதே வாங்கினால் காய்ந்துவிடும்.

ஜனவரி 11, ஞாயிறு

நாலே முக்காலுக்கே உட்கார்ந்துவிட்டேன். அஞ்சுக்கு வந்தாள். “நைனா, கேக்குதா?” கேட்டது. லோடு எடுத்தோம், பாலம் தாண்டினோம், மலை ரோடு. அங்கே பனி பெய்துகொண்டிருந்தது. முன்னால் அவள் லாரியின் பின்விளக்கு.

ரிவிஷன் பரீட்சை பற்றிச் சொன்னாள். கெமிஸ்ட்ரி பேஜாராம். நானும் பேசினேன். கிரீஸ் கதையை மட்டும் சொல்லவில்லை. பிறகு நானே கேட்டேன், “இன்னாமோ சொல்லணும்னியே.”

“ம். நைனா, அம்மா கல்யாணம் பண்ணிக்கப் போறாங்க. தையிலயே. பொங்கல் முடிஞ்சதும்.”

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

“அவரு மாமா வேல செய்யிற மில்லுல சூப்பர்வைசராம். நல்லவருதான் நைனா. என்னாண்ட மரியாதையாத்தான் பேசுறாரு. அம்மாவே உன்னாண்ட சொல்றேன்னாங்க. நான்தான் வேணாம், நான் சொல்லிக்கிறேன்னேன்.”

“நல்லது” என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன். சுமதிக்கு ஒரு பேச்சுத் துணை வேண்டும். அது எனக்குத் தெரியாதா.

“பொங்கலுக்கு வரலான்னு பாத்தேன். வூட்ல வேல கீது, மாமி வுடல.”

“அதனால இன்னாம்மா. படி.”

“நைனா, உன் வண்டி நின்னுகிச்சு.”

நின்றுவிட்டிருந்தது. எங்கே கால் எடுத்தேன் என்று தெரியவில்லை. பனி, ரோடு, அவள் விளக்கு எல்லாம் ஒன்றாகக் கலங்கிவிட்டது. மைக்கில் மூச்சு கேட்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

“டிஸ்ப்ளே போச்சும்மா” என்றேன்.

முன்னால் அவள் லாரியின் பிரேக் விளக்கு சிவந்தது.

“சரி நைனா. நான் ஓரமா நிக்கிறேன். நீ மெதுவா பாரு.”

பதினோரு நிமிஷம். திரையின் மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, பார்த்துக்கொண்டே இருந்தேன். வளைவில் அவள் லாரி நின்றது, ரெண்டு பக்கமும் மஞ்சள் விளக்கு மின்ன. என்னாச்சு, வந்துச்சா என்று ஒரு தடவைகூட அவள் கேட்கவில்லை. முகத்தைச் சட்டையில் துடைத்தேன். தண்ணீர் குடித்தேன்.

“வந்துச்சும்மா.”

“கேபிளா நைனா?”

“கேபிள்தான்.”

“சரி. நீ முன்னாடி போ, நான் பின்னாடி வரேன்.”